‘வாருங்கள்’ என்று சொல்லும்போது

நாள்தோறும் நாம் மிகுதியாகச் செலவிடும் சொற்கள் எவை என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அவை அறிவு நிறைந்த சொற்கள் அல்ல. ஆழ்ந்த அன்பை எடுத்துரைக்கும் சொற்களும் அல்ல. “வாருங்கள்”, “சௌக்கியமா?”, “சாப்பிட்டாயிற்றா?”, “போய் வருகிறேன்” என்னும் சில்லறைச் சொற்களே அவை. பெரிய நோட்டை இருமுறை எண்ணிக் கொடுப்பவர்கூடச் சில்லறையை எண்ணாமல் கொடுத்துவிடுவார். அதுபோலவே, மேடையில் பேசும் பேச்சை நான்கு முறை திருத்தும் நாம், வாசலில் சொல்லும் சொல்லை ஒரு முறையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயினும் ஒருவருக்கு அன்றைய பொழுது இனிப்பதும் கசப்பதும் பெரும்பாலும் இச்சில்லறைச் சொற்களாலேயே. காலையில் நாம் சொன்ன வணக்கத்துக்கு மேலதிகாரி தலை நிமிராமல் “ம்” என்றால், அந்த ஓர் எழுத்து மாலை வரை நெஞ்சில் உறுத்துகிறது. பால் கொண்டுவருபவர் “அம்மா, காய்ச்சல் தேவலையா?” என்று கேட்டால், பாதிக் காய்ச்சல் அப்போதே இறங்கிவிடுகிறது. இத்துணை ஆற்றல் உடைய ஒன்றைச் சிறியது என்று தள்ளுவது எங்ஙனம்?

அப்படியாயின் மரியாதை எங்கே இருக்கிறது? சொல்லில் இருக்கிறதா, சொல்லும் தொனியில் இருக்கிறதா, அல்லது யாரிடம் சொல்கிறோம் என்பதில் இருக்கிறதா? பிறமொழியாளர் நடுவே குடித்தனம் நடத்தும் நம்மைப் போன்றவர்க்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. ஒவ்வொரு நாளும் வாசற்படியில் நின்று விடை கேட்கும் கேள்வி.

சொல்லும் தொனியும்

மேடையிலும் மடலிலும் ‘வணக்கம்’ என்று தொடங்குகிறோம். ஆனால் வீட்டுத் திண்ணையிலும் தெருமுனையிலும் தமிழர் ஒருவரை ஒருவர் எதிர்கொள்வது பெரும்பாலும் கேள்வியால்தான். “எப்போது வந்தீர்கள்?”, “வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?”, “சாப்பிட்டாயிற்றா?” இவற்றுக்கெல்லாம் யாரும் விரிவான விடையை எதிர்பார்ப்பதில்லை. கேட்பவர் நம் வயிற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்யவில்லை, “நீ இருப்பதை நான் கண்டுகொண்டேன், நீ நன்றாக இருக்க வேண்டும்” என்று அறிவிக்கிறார், அவ்வளவே.

இதில் நம் முன்னோர் காட்டிய நுட்பம் பெரிது. வெளியே புறப்படுபவரை “எங்கே போகிறாய்?” என்று கேட்கக் கூடாது, “தூரமோ?” என்று கேட்க வேண்டும் என்பர். விடைபெறுபவர் “போகிறேன்” என்று சொல்லக் கூடாது; “போய் வருகிறேன்” என்றே சொல்ல வேண்டும். இவற்றைச் சகுனம் என்று சிலர் ஒதுக்குவர். சகுனத்தை விட்டுவிட்டாலும் அவற்றுள் ஒரு பண்பு எஞ்சி நிற்கிறது. பிறர் அந்தரங்கத்துக்குள் மூக்கை நுழைக்காமல் அக்கறை காட்டுவது முதலாவது. பிரியும்போதே திரும்பி வருதலைச் சொல்லிவிடுவது இரண்டாவது.

சொற்களின் பொருள் இவ்வாறு தேய்ந்து மறைந்தபின் எஞ்சுவது தொனி. “வாங்க” என்னும் ஒரு சொல்லையே பாருங்கள். நெடுநாள் காணாத அக்காளைக் கண்டு சொல்லும் “வாங்க” வேறு. கடன் கேட்க வந்தவரைக் கண்டு இழுத்துச் சொல்லும் “வாங்க” வேறு. வராமல் இருந்தவரிடம் “வாங்க, வாங்க, இப்போதுதான் வழி தெரிந்ததோ?” என்பது உரிமை கலந்த குறை. தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லும் “வாங்க”, “ஏன் வந்தீர்கள்?” என்பதன் மாற்றுருவமே. அகராதியில் ஒரு சொல், வாசலில் நான்கு.

திருவள்ளுவர் விருந்தோம்பலை 9ஆம் அதிகாரமாகவும், இனியவை கூறலை அடுத்த அதிகாரமாகவும் வைத்தார். சோற்றுக்கு முன்னே முகமும், முகத்துக்குப் பின்னே சொல்லும் என்று வாழ்ந்த மக்களுக்கு அந்த வரிசை தற்செயலாகத் தோன்றாது.

இலக்கணம் தராத மரியாதை

நம் மொழியில் மரியாதைக்கு ஒரு வரலாறு உண்டு. சங்க காலப் புலவர்கள் முடிவேந்தரை நேருக்கு நேர் ‘நீ’ என்றே விளித்துப் பாடினார்கள். அரசன் சினந்ததாகச் செய்தி இல்லை. ‘நீர்’ என்பது பலரைக் குறித்த சொல்லாக இருந்து, பின்னர் ஒருவரையே உயர்த்திச் சொல்லும் சொல்லாயிற்று. காலப்போக்கில் அதன் மெருகும் குறைந்தது. பன்மையின்மேல் மற்றுமொரு பன்மையை ஏற்றி ‘நீங்கள்’ என்றோம். நெல்லைப் பக்கத்தில் ‘நீர்’, ‘வாரும்’ என்பவை இன்றும் ஒலிக்கின்றன. அங்கே அவை ஒத்த வயதினரின் நெருக்கத்தைக் காட்டுவதும் உண்டு.

ஒருவரைப் பன்மையால் சுட்டும் இவ்வழக்கத்தைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் குறித்திருக்கிறார். அது வழக்கில் எழுந்த உயர்சொல் என்றும், இலக்கண முறைப்படி அமைந்தது அன்று என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார். எனக்கு இது பெரிய உண்மையாகத் தோன்றுகிறது. இலக்கணம் ஒருவரை ஒருவராகத்தான் எண்ணும். அந்த ஒருவரைப் பலராக எண்ணியது மக்களின் மனம். ஆகவே மரியாதை என்பது மொழி நம்மீது சுமத்திய விதி அன்று. மனிதர் மனிதருக்கு விரும்பிக் கொடுத்த கொடை. கொடை என்றால் ஒரு கேள்வி தவறாமல் எழும்: அதை யாருக்குக் கொடுத்தோம், யாருக்குக் கொடுக்க மறுத்தோம்?

அக்கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரு மொழியறிஞர் அல்லர். தில்லியில் என் துணிகளுக்குப் பெட்டி போட்டவர்.

நான் மறந்த இந்தி

1978ஆம் ஆண்டு, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்து சேர்ந்தேன். என்னிடம் இருந்த இந்தி, ஊரில் புத்தகத்தை வைத்துப் படித்த இந்தி. அம்மொழியில் ‘நீ’ என்பதற்கு மூன்று படிகள் உண்டு: ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’. வினையும் அதற்கேற்ப மாறும். ‘ஆ’ என்றால் வா. ‘ஆவோ’ என்பது நடுத்தரம். ‘ஆயியே’ என்பது மரியாதை. வங்காளத்தில் குடியேறிய நம்மவர்க்கு ‘துய்’, ‘துமி’, ‘ஆப்னி’ என்னும் மூன்று படிகளும், மராட்டியத்தில் வாழ்பவர்க்கு ‘தூ’, ‘தும்ஹி’, ‘ஆபண்’ என்பவையும் இவ்வாறே பழக்கமாகியிருக்கும்.

யாரிடம் எந்தப் படியில் பேசுவது என்று அறியாத அச்சத்தால், நான் எல்லாரிடமும் ‘ஆப்’ என்றே பேசினேன். பேருந்து நடத்துநர் ‘ஆப்’. காய்கறி வண்டிக்காரர் ‘ஆப்’. தெருப் பெருக்குபவர் ‘ஆப்’. எங்கள் குடியிருப்பின் வேப்பமரத்தடியில் மேசை போட்டு, கரிப்பெட்டியால் துணி தேய்த்துக்கொண்டிருந்த முதியவரும் ‘ஆப்’. அவர் கிழக்கே எங்கிருந்தோ பிழைப்பைத் தேடி வந்தவர். என் இந்தியைக் கேட்டுச் சிரிப்பார். ஆனால் என் சட்டைகளைத் தனியே எடுத்து மடித்து வைப்பார்.

ஆண்டுகள் சென்றன. என் இந்தி வளர்ந்தது. பேரம் பேசவும் சண்டை போடவும் கற்றேன். எவரை எந்தப் படியில் நிறுத்துவது வழக்கம் என்பதையும், யாரும் கற்பிக்காமலேயே கற்றேன். நடத்துநர் ‘தும்’ ஆனார். வண்டிக்காரரும் ‘தும்’ ஆனார். மொழி கைவந்துவிட்டது என்று உள்ளுக்குள் பெருமிதமும் கொண்டேன்.

ஒரு நாள், உறவினர் திருமணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த புதுச் சட்டையில் பெட்டியின் சூடு பட்டுக் கருகியிருந்தது. மரத்தடிக்குப் போய் உரத்த குரலில் கடிந்துகொண்டேன். அன்று என் வாயிலிருந்து வந்தது ‘தூ’. என் தந்தையின் வயதுடையவர் அவர். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அமைதியாகச் சொன்னார்: “சட்டைக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிடுகிறேன், ஐயா. ஆனால் ஒன்று. நீங்கள் வந்த புதிதில் நல்ல இந்தி பேசினீர்கள்.”

அவர் குரலில் சினம் இல்லை. சினந்திருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் ‘ஆப்’ என்றே என்னைச் சொன்னார். அதுதான் என்னை நிலைகுலையச் செய்தது. பணத்தை வாங்கிக்கொள்ளாமல் வீடு திரும்பினேன். அன்று உறக்கம் வரவில்லை.

அவ்விரவில் என் நினைவில் எழுந்தது தில்லி அன்று. தஞ்சை மாவட்டத்தில் நான் பிறந்து வளர்ந்த சிற்றூர். எனக்கு எட்டு வயது இருக்கும். எங்கள் வயலில் வேலை பார்த்த நரைத்த தலையினரான ஒருவரைத் தெருவில் கண்டால், “டேய், அப்பா கூப்பிடுகிறார், வாடா” என்பேன். அவர் மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “வரேனுங்க, சின்னய்யா” என்பார். வீட்டில் யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. என் தாய்மாமனை ஒரு முறை வாய்தவறி ‘நீ’ என்றபோது மட்டும் கன்னத்தில் அடி விழுந்தது. எனக்கு மரியாதை கற்பிக்கப்பட்டதுதான்; ஆனால் யாருக்குத் தரக் கூடாது என்பதும் அதனோடு சேர்த்தே கற்பிக்கப்பட்டது. ஊரில் பெற்ற அப்பாடத்தை மொழிபெயர்த்துத் தில்லிக்கும் கொண்டுவந்திருந்தேன். புதிய மொழியில் தடுமாறிய சில ஆண்டுகள்தாம் என்னை அதிலிருந்து காத்திருந்தன.

இறக்கிச் சமமாக்குவதும் ஏற்றிச் சமமாக்குவதும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். ‘நீ’ என்பதே இழிவா? அன்று. தாயை ‘நீ’ என்கிறோம். நண்பனை ‘வாடா’ என்கிறோம். இறைவனைப் பாடும் அடியார்கள் ‘நீங்கள்’ என்று பாடினால் நமக்கே சிரிப்பு வரும். ‘நீ’ இருபுறமும் செல்லும்போது அது உறவு. ஒருபுறம் மட்டும் சென்று, மறுபுறத்திலிருந்து ‘ஐயா’வாகத் திரும்பி வரும்போது அது படிநிலை. எனவே குற்றம் சொல்லில் இல்லை. திரும்பி வரும் உரிமை அதற்கு உண்டா இல்லையா என்பதில் இருக்கிறது. நான் ‘நீ’ என்று சொல்லும் ஒருவர் என்னையும் ‘நீ’ என்றால் என் முகம் சுளிக்குமா? சுளிக்குமாயின் அந்த ‘நீ’ அன்பால் வந்தது அன்று.

இந்த ஏற்றத்தாழ்வைப் போக்க உலகில் இரு வழிகளை முயன்றிருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் முன்னாளில் ‘தௌ’ என்னும் ஒருமையும் ‘யூ’ என்னும் மரியாதைப் பன்மையும் இருந்தன. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் சமயக் குழுவினர், கடவுளின் முன் எல்லாரும் ஒன்றே என்று சொல்லி, பிரபுவையும் நீதிபதியையும் ‘தௌ’ என்றே அழைத்தார்கள். தொப்பியைக் கழற்றி வணங்கவும் மறுத்தார்கள். அதற்காக அடியும் சிறையும் பெற்றார்கள். ஆயினும் அந்நாட்டில் நிலைத்தது அவர்கள் வழி அன்று. நாளடைவில் ஆங்கிலேயர் எல்லாரையும் ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஒருமை வழக்கிலிருந்து மறைந்தது. மரியாதைச் சொல்லே அனைவர்க்கும் பொதுச்சொல் ஆயிற்று.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1967இல் அறிஞர் அண்ணா தலைமையில் அமைந்த அரசு, ‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’ என்பவற்றுக்கு மாற்றாகத் ‘திரு’, ‘திருமதி’ என்பவற்றை அரசு வழக்கில் கொண்டுவந்தது. மொழிப்பற்று மட்டுமே அதில் பேசப்படுவதுண்டு. எனக்கு அதில் மற்றொன்றும் தெரிகிறது. செயலாளருக்கு எழுதும் உறையிலும், கடைநிலை ஊழியருக்கு எழுதும் உறையிலும் அதே இரண்டெழுத்து முன்னே நிற்கிறது. உயர்ந்தவரை இறக்குவதைக் காட்டிலும் எல்லாரையும் ஏற்றுவது எளிது, யாருக்கும் நோகாது, கூடுதல் செலவும் இல்லை.

தாளில் வந்த அந்தச் சமன் நாவில் வந்துவிட்டதா என்றால், தயக்கமே விடை. “டாக்டர் வந்தார்” என்கிறோம். “தபால்காரன் வந்தான்” என்கிறோம். “பேராசிரியர் சொன்னார்” என்கிறோம்; “வேலைக்காரி சொன்னாள்” என்கிறோம். எதிரில் நிற்கும்போது “வாங்க” என்றவரை, கதவை மூடியதும் “வந்துட்டுப் போறான்” என்கிறோம். குழந்தைகள் கற்பது கதவு திறந்திருந்தபோது சொன்னதை மட்டும் அன்று, மூடியபின் சொன்னதையும்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது, வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நம் எல்லாருக்கும் பொதுவான ஒரு கவலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. தில்லியில் பிறந்து வளர்ந்த என் மகள் சிறுமியாக இருந்தபோது, ஊரிலிருந்து என் தமையனார் வந்தார். அவள் வாசலுக்கு ஓடி, அவர் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு, “பெரியப்பா, நீ எப்போ வந்தே? உனக்குப் பசிக்குதா?” என்றாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. உள்ளே இருந்த என் மகனோ, முன்பே சொல்லி வைத்திருந்தபடி, “வாங்க பெரியப்பா” என்று பிழையின்றிச் சொன்னான்; சொல்லிவிட்டுக் கையிலிருந்த புத்தகத்தை விட்டு நிமிரவில்லை.

இருவரில் யார் மரியாதை உடையவர்? அன்று மாலைக்குள் தமையனாரே அதற்கு விடை கண்டுவிட்டார். மகளின் தோளைப் பற்றிக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போனார். ஆயினும் அன்பு இருந்தால் போதும், முறை வேண்டா என்று நான் சொல்ல மாட்டேன். அன்பு நாள்தோறும் ஒரே அளவில் ஊறுவது அன்று. களைத்த நாளும் உண்டு. மனத்தாங்கல் உள்ள நாளும் உண்டு. அன்பு வற்றிய நாளில் நம்மை இடறாமல் நிறுத்துவது பழகிய முறையே. ஓடையில் நீர் இல்லாத நாளிலும் கரை இருக்க வேண்டும். மீண்டும் நீர் வரும்போது அது வழி தவறாமல் செல்லும். ஆகவே மகளுக்கு ‘நீங்கள்’ என்பதைக் கற்பித்தேன். மகனுக்கு நிமிர்ந்து பார்க்கக் கற்பித்தேன். இரண்டாவதுதான் நெடுநாள் பிடித்தது.

மொழியைப் பாதி இழந்த பிள்ளைகளுக்கு ‘வாங்க’, ‘போங்க’ என்பவற்றை மட்டும் மனப்பாடமாகக் கொடுத்துவிட்டு, தமிழ்ப் பண்பைக் கொடுத்துவிட்டோம் என்று நாம் அமைதி அடைந்துவிடக் கூடாது. ஊரில் நமக்குக் கிடைத்த பாடத்தின் மறுபாதியை அவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பதும் நம் பொறுப்பே. வீட்டைப் பெருக்க வரும் பெண்மணியைப் பேரன் ‘ஆப்’ என்று அழைத்தால், “அவளுக்கு எதற்கு ‘ஆப்’?” என்று திருத்தாமல் இருந்தாலே போதும். அவ்விடத்தில் நம்மைக் காட்டிலும் நல்ல தமிழன் அவன்தான்.

மற்றொன்றும் நாம் மறக்கலாகாது. வடபுலத்தில் தெருவிலும் பேருந்திலும் ‘மதராசி’ என்று அழைக்கப்பட்டவர்கள் நாம். அச்சொல்லின் பொருளில் இழிவு ஏதும் இல்லை. சென்னைப் பக்கத்தவர் என்பதே அதன் பொருள். அண்டை வீட்டு அம்மையார் தம் மகளிடம், “மதராசி அக்காவுக்குக் கொண்டு போய்க் கொடு” என்று இனிப்புத் தட்டை நீட்டியபோது அது நமக்கு இனித்தது. அதே சொல்லை வரிசையில் நின்ற ஒருவர் உதட்டைப் பிதுக்கிச் சொன்னபோது சுட்டது. ஒரே சொல் தொனியால் எவ்வாறு தைக்கும் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டா, நாமே சான்று. காயம் பட்டவர்க்குக் கைப்பக்குவம் கூடுதலாக வேண்டும். ஆனால் பல வேளைகளில், மேலேயிருந்து பெற்ற தொனியைக் கீழே இறக்கிவிட்டுச் சுமை குறைந்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

யாரிடம் ஒன்றும் வேண்டாதபோது

இன்று வாழ்த்துக்குப் பஞ்சம் இல்லை. விடிந்ததும் கைப்பேசியில் மலரும் கதிரவனும் சேர்ந்த காலை வணக்கம் வாட்ஸ்அப் வழியே வந்து நிற்கிறது. ஒரு விரல் அசைவில் நூறு பேருக்கு வணக்கம் போகிறது. அதை நான் இகழவில்லை. தனியே வாழும் முதியவர் ஒருவருக்கு, தம்மை நினைக்க ஆள் உண்டு என்பதை அது தெரிவிக்கலாம். ஆயினும் நூறு பேருக்குச் சொன்ன வணக்கத்தில் குரல் இல்லை. அவ்வணக்கத்தை அனுப்பிய கையோடு மின்தூக்கியில் ஏறுகிறோம். உடன் நிற்கும் துப்புரவுப் பணியாளரைக் காணாதவர்போல் எண் பலகையையே பார்த்துக்கொண்டு இறங்குகிறோம்.

எனவே என் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். மேலதிகாரிக்கும் சம்பந்திக்கும் சொல்லும் வணக்கத்தைக் கொண்டு நம் மரியாதையை அளக்க இயலாது; அதில் அச்சமும் பயனும் கலந்திருக்கின்றன. யாரிடமிருந்து நமக்கு ஒன்றும் வேண்டுவதில்லையோ, யார் சினந்தாலும் நமக்குத் தீங்கு நேராதோ, அவரிடம் நம் நா என்ன சொல்கிறது, எந்தத் தொனியில் சொல்கிறது என்பதே அளவுகோல். எஞ்சியவை கணக்கு வழக்கு.

மரத்தடிப் பெரியவரிடம் மறுநாளே போனேன். மன்னிப்புக் கேட்கத் தக்க சொல் எனக்குக் கிடைக்கவில்லை. “ஆப் கைசே ஹைன்?” என்று மட்டும் கேட்டேன், நலமா என்று. அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு, “இன்று இந்தி நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, அடுத்த சட்டையை எடுத்து உதறினார்.

அவர் ஊருக்குப் போய்ப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. நானும் ஓய்வு பெற்று, புறநகர் அடுக்ககம் ஒன்றில் குடியிருக்கிறேன். வாயிலில் காவல் இருக்கும் இளைஞருக்கு என் பேரனைக் காட்டிலும் ஐந்தாறு வயதுதான் கூடும். காலை நடைக்குப் போகும்போது நின்று, அவர் முகத்தைப் பார்த்து, ‘ஆப்’ என்று சேர்த்து நலம் கேட்கிறேன். முதல் நாள் அவர் திகைத்து, பின்னால் யாரேனும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தார். இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை.